இருபத்தேழாம் பாத்தி

காலையில் கேட்டைத் திறந்ததும் முதல் வேலை காலணி மாற்றுவது. வெளியிலிருந்து போட்டுவந்த செருப்பு ஒரு பக்கம், உள்ளே போடும் ரப்பர் பூட்ஸ் மறுபக்கம், நடுவில் ஒரு மரப்பலகை. பலகைக்கு அந்தப் பக்கம் போனது எதுவும் கழுவாமல் இந்தப் பக்கம் வரக் கூடாது. ஐம்பத்தாறு வயதில், தொந்தியை மடக்கிக் குனிந்து, அந்தப் பூட்ஸை இழுத்து மாட்டி நிமிர்வதற்குள் லோடண்ணனுக்குப் பாதி நாள் ஓடிவிட்டது போல இருக்கும்.

லோடண்ணன் என்பது அவர் பெயரல்ல. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் ஆலை ஒன்று முன்பு அந்தக் கேட்டுக்குள் இருந்தது. அதில் பதினெட்டு வருஷம் லாரி ஓட்டினார். "லோடு வருது, வழி விடு" என்று கத்திக் கத்தியே அந்தப் பெயர் அவர்மேல் ஒட்டிக்கொண்டது. கோபம் வந்தால் அவர் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாள்.

ஒருநாள் ஆலையைப் பூட்டிக்கொண்டு முதலாளிகள் போய்விட்டார்கள். புகைபோக்கி, தகரக் கூரை, கறுத்துப்போன இரண்டரை ஏக்கர் நிலம் மூன்றும் மிச்சம். நாலு வருஷம் அப்படியே கிடந்தது. அப்புறம் மண்ணைச் சுத்தம் செய்யும் திட்டம் ஒன்று வந்தது. பழைய ஆட்களில் ஏழு பேரை எடுத்தார்கள். டிராக்டரும் தண்ணீர் டேங்கரும் ஓட்டத் தெரியும் என்பதால் லோடண்ணனுக்கும் இடம் கிடைத்தது.

திட்டத்துக்குப் பொறுப்பாக வந்தவர் முப்பத்தைந்து வயதுப் பெண். மண்ணைப் பற்றிப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். கதவில் பெயர்ப்பலகை மாட்டிய மறுநாளே காய்ச்சல், மூட்டுவலி என்று தெருக்காரர்கள் வரிசை கட்டிவிட்டார்கள். "நான் மண்ணுக்கு மட்டும்தாங்க டாக்டர்" என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "பரவாயில்லம்மா, நாங்களும் ஒருநாள் மண்ணுதானே, இப்பவே பாத்துருங்க" என்றார் வரிசையில் நின்ற ஒரு பெரியவர். அன்றிலிருந்து அவர் எல்லோருக்கும் டாக்டரம்மா.

நிலத்தை இருபத்தாறு பாத்திகளாகப் பிரித்தார்கள். முதல் வருஷம் எல்லாவற்றிலும் கடுகும் சூரியகாந்தியும் போட்டார்கள். செடியின் வேர் மண்ணிலிருந்து ஈயத்தை இழுக்கும், தண்டிலும் இலையிலும் சேர்த்துவைக்கும், பூ வரும் நேரத்தில் அறுத்து எடுத்துவிட்டால் அந்த அளவு ஈயம் மண்ணைவிட்டுப் போகும். காகிதத்தில் அது அழகாக இருந்தது. ஆனால் ஈயம் பிடிவாதம் பிடித்த சரக்கு. மண்ணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வேருக்குள் வரவே வராது. அதற்காக ஒரு வெள்ளைப் பொடியைக் கரைத்து ஊற்றினார்கள். ஈயத்தை மண்ணிலிருந்து கிளப்பி வேருக்குத் தள்ளும் பொடி. வேலைக்காரர்கள் அதற்கு 'இழுக்கிற பொடி' என்று பெயர் வைத்தார்கள்.

அந்த வருஷம் எதிர்பாராமல் பேய்மழை. கிளம்பிய ஈயத்தில் ஒரு பங்கு வேருக்குப் போனது. இன்னொரு பங்கு மழைத்தண்ணீரோடு கீழே இறங்கிவிட்டது. நிலத்தடித் தண்ணீரைப் பார்க்க ஓரத்தில் இறக்கியிருந்த சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா அன்று மதியம் சாப்பிடவில்லை. மறுநாளே அந்தப் பொடி மூட்டைகளைத் திருப்பி அனுப்பினார்.

அதற்குப் பிறகு 'கட்டுற பொடி'. எலும்புத்தூள், சுண்ணாம்பு, மக்கிய உரம். ஈயத்தை வெளியே எடுப்பதில்லை, இருக்கிற இடத்திலேயே கட்டிப்போடுவது. எலும்புத்தூளோடு சேர்ந்தால் அது மெல்ல மெல்லக் கல்போல இறுகிவிடும். தண்ணீரிலும் கரையாது, வயிற்றிலும் அவ்வளவாகக் கரையாது. மேலே அடர்த்தியாகப் புல் வளர்த்துப் புழுதி கிளம்பாமல் மூடிவிடுவார்கள். கடுகும் சூரியகாந்தியும் ஈயம் குறைவாக இருந்த ஓரத்துப் பாத்திகளில் மட்டும் தொடர்ந்தன. அங்கே எண் இறங்கியது, ஆனால் நத்தை வேகம். ஒரு கிலோ மண்ணுக்கு அறுநூற்று நாற்பது மில்லிகிராம் என்பது ஒரு வருஷம் பாடுபட்டால் அறுநூற்று இருபத்தைந்து ஆகும்.

"இப்படியே போனா எப்பம்மா முடியும்?" என்று லோடண்ணன் ஒருமுறை கேட்டார்.

"எனக்குப் பேத்தி பிறந்து, அவ இதே வேலைக்கு வந்து, ரிட்டயரும் ஆகணும்" என்றார் டாக்டரம்மா. சிரிக்காமல்தான் சொன்னார்.

அறுத்த செடிகளை ஆடு மாடு தின்றுவிடாமல் காப்பது தனிப் பாடு. கொழுகொழுவென்று நிற்கும் கடுகுக் கீரையைப் பார்த்துக் கம்பிவேலிக்குள் கைவிட்டுக் கிள்ளிப்போக வருகிறவர்களை விரட்டுவது அதைவிடப் பாடு. "இது விஷம்மா, தொடாதீங்க" என்றால், "ஆமா, நல்லா இருக்கிறதெல்லாம் உங்களுக்கு விஷந்தான், நீங்க மட்டும் மூட்டை கட்டி எடுத்துட்டுப் போவீங்க" என்று முகத்தை வெட்டிக்கொண்டு போவார்கள். மூட்டைகள் போனது தார்ப்பாய் விரித்து மூடிய குழிக்கு. அதைச் சொன்னாலும் யாரும் நம்பவில்லை.

இரண்டாம் வருஷம் ஒருநாள் டாக்டரம்மா சல்லடையில் மண் சலித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

"அண்ணே, ஒரு சந்தேகம். ஆலை ஓடின காலத்துல உலைக் கசடு மலையா வந்திருக்கணும். இங்க கிடக்கிறது கைப்பிடிதான். மிச்சமெல்லாம் எங்க போச்சு?"

லோடண்ணன் குழாயைத் திருகிக்கொண்டிருந்தார். "நான் வண்டி ஓட்டினவம்மா. கொட்டச் சொன்ன இடத்துல கொட்டினேன். எங்கன்னு இப்ப யாருக்கு ஞாபகம் இருக்கு?"

பொய். அவருக்கு எல்லாமே ஞாபகம் இருந்தது. லாரிக்காரனுக்கு வீட்டு விசேஷ நாட்கள் மறக்கலாம், வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்திய சந்து மறக்காது. உலைக் கசடு கறுப்பாக, கனமாக, சரளைக்கல் போல இருக்கும். போட்டு மிதித்தால் அசையாது. ஆலைக்கு அதை அப்புறப்படுத்தினால் போதும். பள்ளத்தில் வீடு கட்டியவர்களுக்கு அது கடவுள் கொடுத்த மாதிரி. "அண்ணே, நம்ம வீட்டு வாசல்லயும் ஒரு லோடு தட்டுங்க" என்று வழியிலேயே வண்டியை மறிப்பார்கள். அவரும் தட்டுவார். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில்தான் தட்டினார்.

அப்படித் தட்டியதில் ஐந்து லோடு அவர் மகள் வீட்டில் கிடந்தது.

மகளும் மருமகனும் தெருக்கோடியில் ஒரு தாழ்வான மனையில் வீடு கட்டினார்கள். மருமகன் எலக்ட்ரீஷியன். மழை வந்தால் வாசலில் கணுக்கால்வரை தண்ணீர் நிற்கும். லோடண்ணன் ஒரே வாரத்தில் ஐந்து லோடு கொண்டுவந்து கொட்டி, தானே மண்வெட்டி பிடித்துப் பரப்பி, மேலே லேசாகச் செம்மண் தூவிக் கொடுத்தார். "மாமா, சிமெண்ட் போட்ட மாதிரி உக்காந்துருச்சு" என்று மருமகன் குதித்துக் காட்டினான். அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் மகள், "எங்கப்பா போட்டது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வருஷங்கள் போகப்போக அந்தச் செம்மண் மழையில் கரைந்தது. கறுப்பு மேலே தெரிந்தது. அந்த இடத்தில் மகள் தக்காளியும் கீரையும் போட்டிருந்தாள்.

சுத்தம் செய்யும் வேலைக்கு வந்த முதல் மாதமே பயிற்சி வகுப்பில் சொன்னார்கள், ஈயம் யாரை முதலில் பிடிக்கும் என்று. தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகளை. ஆனால் ஆலைக்குள் கிடந்த மண் வேறு, வெளியே போன கசடு வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உலையில் வெந்த பொருள், நெருப்பில் எல்லாம் போயிருக்கும் என்றும் சொல்லிக்கொண்டார். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

அப்போது பேத்திக்கு ஒரு வயது. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர்.

வாலுவுக்கு மூன்று வயது ஆனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை லோடண்ணன் மகள் வீட்டுக்குப் போனார். தக்காளிச் செடி ஓரத்தில் உட்கார்ந்து குழந்தை ஒரு ஸ்பூனால் மண்ணை அள்ளிப் பொம்மைக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. "சாப்பிடு, சமத்தா சாப்பிடு" என்று மகளின் குரலிலேயே அதட்டியது. பொம்மை வாயைத் திறக்கவில்லை. "சரி, நான் சாப்பிட்டுக் காட்டட்டா?" என்று ஸ்பூனைத் தன் வாயில் வைத்தது.

அவர் ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கினார். வாயைக் கழுவினார். மறுபடி கழுவினார். குழந்தை வீறிட்டு அழுதது. "மண்ணு தின்னாத குழந்தை எதுப்பா? விடுங்க" என்று சமையலறையிலிருந்து சிரித்தாள் மகள்.

புறப்படும்போது யாரும் பார்க்காத நேரத்தில், வேலையில் பழகிய மாதிரியே, மூன்று இடத்தில் மேல்மண்ணை மட்டும் சுரண்டி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் அதன்மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பாத்தி எண் எழுதாமல் கருவிக்குக் கொடுக்க முடியாது. பேனாவை எடுத்து '27' என்று எழுதி மற்றப் பைகளுக்கு நடுவில் செருகிவிட்டார்.

மண்ணை அளக்கும் கருவி துப்பாக்கி மாதிரி இருக்கும். பையின்மேல் வைத்து விசையை அழுத்தினால் ஒரு நிமிஷத்தில் எண் வரும். டாக்டரம்மா வரிசையாக அழுத்திக்கொண்டே போனார். பிறகு ஒரு பையில் நின்றார். இன்னொரு தடவை அழுத்தினார். பையைக் கையில் தூக்கிக்கொண்டு, தண்ணீர் டேங்கர் பக்கத்தில் நின்ற லோடண்ணனிடம் வந்தார்.

"அண்ணே, நம்மகிட்ட எத்தனை பாத்தி?"

"இருபத்தாறும்மா."

"இதுல இருபத்தேழுன்னு இருக்கு. எழுத்து உங்களுது."

அவர் டேங்கர் குழாயை மூடினார்.

"ரெண்டாயிரத்து முந்நூறு வருது. வீட்டு மண்ணுல நானூறு தாண்டினாலே நாங்க பயப்படுவோம். நம்ம நிலத்துலயே மோசமான பாத்தியிலதான் இந்த எண்ணைப் பார்த்திருக்கேன். எந்த இடம் அண்ணே இது?"

"எம் பொண்ணு வீடு."

டாக்டரம்மா பக்கத்திலிருந்த உர மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "குழந்தை இருக்கா அங்க?" என்று மட்டும் கேட்டார். அவர் தலையாட்டினார்.

"இன்னிக்கே போய்ச் சொல்லுங்க. நாளைக்கு இல்ல, இன்னிக்கு. ரத்தப் பரிசோதனைக்கு நான் ஏற்பாடு பண்றேன்."

நேராக மகள் வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. முதலில் தன் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடிக்கும்வரை மடிப்பதை நிறுத்தவில்லை.

"பதினெட்டு வருஷம் உங்க துணியை நான்தான் துவைச்சேன். அதுலயும் இருந்திருக்கும், இல்ல?"

"இருந்திருக்கும்."

"அப்ப அந்த ஆலை ஐயாமாருங்க யாரும் ஒரு வார்த்தை சொல்லல."

"எனக்கே யாரும் சொல்லல."

"சரி." கடைசிச் சட்டையை அடுக்கின்மேல் வைத்தாள். "முதல்ல பொண்ணுகிட்ட போய்ச் சொல்லுங்க. அப்புறமா வந்து எங்கிட்ட உக்காந்து அழுங்க. மாத்திச் செஞ்சிடாதீங்க."

மகள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை உள்ளே தூங்கியது. அவர் நின்றுகொண்டே சொன்னார். கசடு என்ன என்பதையும், எண் என்ன என்பதையும், இனிமேல் குழந்தை இந்த மண்ணில் கால் வைக்கக் கூடாது என்பதையும் சொன்னார். அவள் கையில் ஈரத்துணி சொட்டிக்கொண்டே இருந்தது.

"எத்தனை நாளாப்பா உங்களுக்குத் தெரியும்?"

"இன்னிக்குக் காலையிலதாம்மா எண் வந்துச்சு."

"எண்ணைக் கேக்கல. மனசுக்குள்ள எத்தனை நாளா தெரியும்?"

அவளிடம் சின்ன வயதிலிருந்தே பொய் எடுபடாது.

"ரெண்டு வருஷமா."

"ரெண்டு வருஷம்." அவள் துணியைக் கொடியில் போட்டாள். கிளிப் மாட்டினாள். "இவளுக்கு மூணு வயசுப்பா."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தவில்லை. தாழ்ப்பாள் போடும் சத்தம் மட்டும் கேட்டது.

குழந்தையின் ரத்தத்தில் ஈயம் பதினான்கு என்று வந்தது. ஐந்துக்குள் இருக்க வேண்டிய இடத்தில் பதினான்கு. ஆஸ்பத்திரி டாக்டர், இந்த அளவுக்கு மருந்து ஊசி எதுவும் வேண்டாம், மண்ணிலிருந்து பிள்ளையை விலக்குவதுதான் வைத்தியம் என்றார். இரும்புச்சத்து, பால், முட்டை கொடுக்கச் சொன்னார். தரையை ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார். "பேச்சு, படிப்பு இதிலெல்லாம் பாதிக்குமா டாக்டர்?" என்று மருமகன் கேட்டான். "இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இவ இது இல்லாம எப்படி வளர்ந்திருப்பான்னு ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு இன்னொரு இவ கிடையாதே" என்றார் டாக்டர். நல்ல மனுஷர், உள்ளதைச் சொன்னார். ஆனால் அந்தப் பதில் மருமகனை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை.

அடுத்த வாரமே அவர்கள் மூவரும் வேறு தெருவில் ஒரு மாடி அறைக்குக் குடிபோனார்கள். வீட்டுச் சாவியை மருமகன்தான் கொண்டுவந்து கொடுத்தான். "நீங்க கொட்டினது, நீங்களே பாருங்க மாமா" என்றான்.

அள்ளி எடுத்துவிடலாமா என்றுதான் லோடண்ணன் முதலில் கேட்டார்.

"அள்ளி எங்க போடுவீங்க?" என்றார் டாக்டரம்மா. "இன்னொருத்தர் வீட்டுலயா?"

சுருக்கென்று தைத்தது. டாக்டரம்மா குத்திக்காட்டச் சொல்லவில்லை, செடி மூட்டைகள் போட்ட குழியில் உண்மையாகவே இடமில்லை. ஆனாலும் தைத்தது. கடுகு போட்டு இழுக்கலாம் என்றால் அந்த எண்ணுக்கு நூறு வருஷம் போதாது. கட்டிப்போடுவது ஒன்றுதான் வழி.

அதற்குப் பிறகு அவருக்கு இரண்டு வேலை. காலை முதல் நாலு மணிவரை ஆலை நிலத்தில். நாலரை மணிக்கு மகள் வீட்டு வாசலில். தக்காளிச் செடிகளை வேரோடு பிடுங்கி மூட்டை கட்டினார். புழுதி பறக்காமல் முதலில் தண்ணீர் தெளித்து, கசடை ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்தினார். அது உண்மையாகவே சிமெண்ட் போல உட்கார்ந்திருந்தது. இரண்டு மண்வெட்டிக் காம்பு முறிந்தது. தான் எவ்வளவு நன்றாக மிதித்துப் பரப்பியிருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கொத்திய இடத்தில் எலும்புத்தூள், சுண்ணாம்பு, மக்கிய உரம் கலந்து, ஈரம் காயாமல் சாக்கு போட்டு மூடினார்.

எலும்புத்தூள் வாசனைக்குத் தெரு நாய்கள் மொத்தமும் கூடிவிட்டன. போட்டதை இரண்டாம் நாளே தோண்டிப் போட்டன. வேலி கட்டினார், வேலிக்கு அடியில் நுழைந்தன. மிளகாய்த்தூள் தூவினார், நாய்கள் தும்மிக்கொண்டே தோண்டின. "மாமா, ஊர் நாய்க்கெல்லாம் விருந்து வைக்கிறீங்க போல" என்றான், வீட்டில் ஏதோ எடுக்க வந்த மருமகன். மூன்று மாதத்தில் அவன் பேசிய முதல் வேடிக்கைப் பேச்சு அது. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, வேலியின் அடியில் அவனே செங்கல் பதிக்க ஆரம்பித்தான். இருட்டும்வரை இருவரும் பதித்தார்கள்.

மகள் அந்தப் பக்கமே வரவில்லை. அம்மாவிடம் மட்டும் போனில் பேசினாள். அப்பா எங்கே என்று கேட்டதில்லை.

ஆலை நிலத்து வேலைக்காரர்களுக்கும் அந்தச் சமயத்தில் ரத்தம் எடுத்தார்கள். லோடண்ணனுக்கு முப்பத்தொன்று. இத்தனை வருஷத்து ஈயம் எலும்பில் தங்கியிருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருக்கும் என்றார்கள். மூட்டுவலி, மறதி, எரிச்சல், எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் கிடைத்தது. மனைவிக்குப் பதினொன்று. அந்தச் சீட்டை அவள் இரண்டாக மடித்து ரேஷன் சாமான் டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

ஏழு மாதம் கழித்து டாக்டரம்மா வந்து மண் எடுத்துப்போனார். அதை வயிற்று அமிலம் மாதிரி ஒரு திரவத்தில் போட்டுக் குலுக்கி, எவ்வளவு ஈயம் கரைகிறது என்று பார்த்தார்கள். முன்பு கரைந்ததில் மூன்றில் ஒரு பங்குதான் கரைந்தது. அதன்மேல் தடித்த துணி விரித்து, முக்கால் முழ உயரத்துக்கு நல்ல மண் கொட்டி, புல் பதித்தார்கள். அந்த நல்ல மண்ணை லோடண்ணன் தானே வண்டி ஓட்டி எடுத்துவந்தார். கொட்டுவதற்கு முன் மூன்று இடத்தில் அளக்கும் துப்பாக்கியை வைத்துப் பார்க்கச் சொன்னார். டாக்டரம்மா பார்த்தார். லோடண்ணன் போதும் என்று சொல்லும்வரை பார்த்தார்.

அன்றுதான் மகள் வந்தாள். புல்லைக் காலால் தொடாமல் ஓரத்தில் நின்றாள்.

"அப்ப ஈயம் போயிருச்சா?"

"இல்லம்மா. அடியிலதான் இருக்கு."

"எப்பவும் இருக்குமா?"

"எப்பவும் இருக்கும். கட்டிப் போட்டிருக்கோம், அவ்வளவுதான். இந்தப் புல்லைத் தோண்டக் கூடாது. கீரை, தக்காளி எதுவும் தரையில போடக் கூடாது, தொட்டியிலதான். வருஷத்துக்கு ஒருதடவை அளந்து பாக்கணும்."

"நல்லதுன்னு நினைச்சுத்தான் கொட்டினீங்க, அது எனக்குத் தெரியும். அதைப் பத்தி எனக்குக் கோபமில்ல. அந்த ரெண்டு வருஷந்தான்ப்பா." பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வீட்டைத் துடைக்கணும். நீங்க வாளியில தண்ணி பிடிங்க" என்றாள்.

மகளும் மருமகனும் குழந்தையோடு அந்த வீட்டுக்கே திரும்பி வந்தார்கள். வாலுவின் எண் பதினான்கிலிருந்து ஒன்பது, ஒன்பதிலிருந்து ஆறு என்று இறங்கியது. பள்ளிக்கூடம் போகிறாள். எழுத்துகளை மற்றப் பிள்ளைகளைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் பிடிக்கிறாள். அது ஈயமா, அவள் சுபாவமா என்று யாராலும் சொல்ல முடியாது. வாய் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும்.

டாக்டரம்மா ஒருநாள் ஊரின் பெரிய வரைபடம் ஒன்றை மேஜைமேல் விரித்து, நாலு முனையிலும் மண் டப்பாக்களை வைத்து, ஒரு சிவப்புப் பேனாவை லோடண்ணன் கையில் கொடுத்தார். லோடண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்தார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. லோடு தட்டிய இடத்துக்கு ஒன்றாக நாற்பத்துமூன்று புள்ளி. இரண்டு இடத்தில் புள்ளி வைத்துவிட்டு, பிறகு யோசித்து, சந்தின் மறுபக்கத்துக்கு மாற்றினார்.

ஒவ்வொரு வீட்டுக்கும் அவரே போய்ச் சொன்னார். டாக்டரம்மா போனால் நம்பமாட்டார்கள், கொட்டியவன் சொன்னால் நம்புவார்கள் என்று லோடண்ணன்தான் சொன்னார். சிலர் உட்காரவைத்துக் கேட்டார்கள். சிலர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார்கள். ஒருவர், வெளியே சொன்னால் வீட்டை வாங்க ஆள் வராது, வாயை மூடிக்கொண்டு போ என்றார். இஸ்திரி போடும் அம்மா ஒருத்தி, தன் மகனுக்கு இருபது வயதாகியும் படிப்பு ஏறாததையும் கோபம் அடங்காததையும் சொல்லிச் சொல்லி, "நீதானாடா அது, நீதானா" என்று தெருவே கேட்கக் கத்தினாள். அது இதனால்தான் என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது. கத்தி முடிக்கும்வரை தலையைக் குனிந்து நின்றுவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார். கூட லாரி ஓட்டிய பழைய நண்பர் ஒருவர், "ஊரைக் கூட்டி உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிறியே" என்றார். பிறகு தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீடு வீடாகப் போக ஆரம்பித்து இரண்டரை வருஷம் ஆகிறது. பதினேழு வீடு முடிந்திருக்கிறது. ஆறு பேர் இன்னும் கேட்டைத் திறப்பதில்லை. எலும்புத்தூள் வருவது தாமதமாகிறது, சில மாதம் வருவதேயில்லை. ஆலை நிலத்தில் புல் இடுப்பளவு நிற்கிறது. ஓரத்துப் பாத்திகளில் எண் அறுநூற்றைத் தொட்டிருக்கிறது. டாக்டரம்மாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வரும்போல இருக்கிறது. வந்தால் போகமாட்டேன் என்கிறார். வந்தால் போய்த்தான் ஆக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

போன வாரம் இஸ்திரிக்கார அம்மா ஆள் விட்டுக் கூப்பிட்டாள். லோடண்ணன் நாலரை மணிக்குப் போனார். அவள் கேட்டைத் திறந்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் கையைக் காட்டினாள். வாசல் நடுவில் உடைந்த சிமெண்ட் தொட்டி ஒன்று பாதி புதைந்து கிடந்தது.

"முதல்ல அதை எடுத்தாத்தான் நீ எதையும் கொத்த முடியும். எம் பையன் வேலைக்குப் போயிருக்கான், வந்தா பிடிப்பான்."

"எப்ப வருவாரும்மா?"

"ஆறு ஆகும்."

"ஆகட்டும். நான் சுத்திலும் தோண்டி வைக்கிறேன்."

தண்ணீர் தெளித்தார். மண் இளகட்டும் என்று மண்வெட்டியைச் சாய்த்துவைத்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவரை அவள் சன்னல் வழியாகப் பார்த்திருக்க வேண்டும். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து சத்தமாக வைத்துவிட்டு உள்ளே போனாள். அஞ்சு நிமிஷம் என்று நினைத்து லோடண்ணன் உட்கார்ந்தார். அவள் மகன் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டபோதும் அசதியில் உட்கார்ந்துதான் இருந்தார். அந்தச் சத்தத்தில்தான் மண்வெட்டியை ஊன்றி எழுந்தார்.